ராக்கப்பன் சொல்லாத மீன்

ராக்கப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி மூன்று நாளாகியும் ஒரு கதைகூடச் சொல்லவில்லை என்றதும் ஓடைப்பட்டி கொஞ்சம் கலங்கித்தான் போனது.

வேறு ஆள் பேசாமல் இருந்தால் அடக்கமானவர் என்று விட்டுவிடலாம். ராக்கப்பன் பேசாமல் இருந்தால் காய்ச்சலா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சண்முகாநதி அணையில் அவர் பிடிக்கிற அரைக் கிலோ ஜிலேபிக் கெண்டை, விஜய்ராஜின் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கிலோ ஆகிவிடும். டீ ஆறுவதற்குள் இரண்டு கிலோ. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்டுத் தொலைத்தால், அதைவிடப் பெரிய மீன் ஒன்று தூண்டிலையே முறித்துக்கொண்டு போயிருக்கும். ஊரில் எவராவது எதையாவது கூட்டிச் சொன்னால், "இது சாதா முழமா, ராக்கப்பன் முழமா?" என்று கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்ததில்லை. தன் பெயரில் ஓர் அளவை இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று உள்ளூர ஒரு பெருமைதான்.

ஒரே ஒரு முறைதான் அசிங்கப்பட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால், திராட்சை விவசாயிகளின் வாட்ஸப் குரூப்பில், ஆளுயர மீன் ஒன்றின் படத்தைப் போட்டு 'இன்று காலை, வைகை அணை' என்று எழுதினார். நூறு பேர் கைதட்டினார்கள். அவர் மச்சினன் செல்லப்பாண்டி மட்டும் கைதட்டவில்லை. சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கும் செல்லப்பாண்டிக்குப் பூச்சி அரித்த இலையை உற்றுப் பார்த்துப் பழக்கம். படத்தைப் பெரிதாக்கினான். மீனைப் பிடித்திருந்த கையில் முழங்கை வரைக்கும் டிராகன் பச்சை குத்தியிருந்தது. அன்றிலிருந்து ராக்கப்பன் போடுகிற எந்தப் படத்துக்கும் மதிப்பில்லை. சாமி படம் போட்டாலும், "கையைக் காட்டுங்க மச்சான்" என்று பதில் வந்தது.

அப்படிப்பட்டவர் மகள் வீட்டுக்குச் சாமான் இறக்கப் போகிறேன் என்று தொண்டிப் பக்கம் கடற்கரைக்குப் போனார். மெத்தைக்கு அடியில் தூண்டிலை ஒளித்து வைத்துக்கொண்டு போனதை விஜய்ராஜ் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவரிடம் கடை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"கடல் எப்படிண்ணே?"

"இருக்கு."

"மீனு?"

"அதுவும் இருக்கும்."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். விஜய்ராஜ் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன திசையைப் பார்த்தபடி நின்றார். "ஏலே, என்னமோ நடந்துருக்குப்பா" என்றார்.

நடந்துதான் இருந்தது. ராக்கப்பனின் ஐம்பத்திரண்டு வருட ஆயுளில் ஒரே ஒரு நிஜமான பெரிய மீன் அன்றைக்குத்தான் அவருக்குக் கிடைத்தது. அதைச் சொல்ல முடியாது. சொன்னால் பெண்டாட்டியின் விரதம் சந்திக்கு வந்துவிடும்.

அவர் மனைவி சந்தனம்மாள் கையில் அப்போது காப்பு இருந்தது. முந்தைய வருடம் திராட்சைப் பந்தலுக்கு மருந்து அடிக்கும்போது குழாய் பிய்த்துக்கொண்டு ராக்கப்பனின் வலது கண்ணில் மருந்து அடித்துவிட்டது. இருபது நாள் கட்டுப் போட்டிருந்தார்கள். பார்வை திரும்புமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. அந்த இருபதாவது நாள் ராத்திரி சந்தனம்மாள், கண் தெரிந்தால் வீரபாண்டி ஆத்தாளுக்கு ஆயிரம்கண் பானை எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கண் தெரிந்தது. வெயிலில் நீர் வடியும், அவ்வளவுதான். சித்திரைத் திருவிழாவுக்குக் கோயிலில் கம்பம் நட்டதும் வேப்பிலை வைத்து மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினால் வீட்டில் கவுச்சி கூடாது, கையால் தொடக் கூடாது, பொழுது சாய்ந்தால் வெளியூரில் தங்கக் கூடாது.

சந்தனம்மாளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பொய் வராது. வராது என்றால், கூச்சத்தால் அல்ல, கை வராத வேலைபோல வராது. கேரளா வியாபாரி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "அடிப்பெட்டி ரெண்டுல பழம் வெடிச்சிருக்கு, பாத்து எடுங்க" என்று தானே போய்ச் சொல்வாள். ராக்கப்பன் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வியாபாரிகள் அவள் பந்தலைத்தான் முதலில் தேடி வந்தார்கள். சந்தனம்மாள் ஒரு அளவு சொன்னால் அதற்கு மேல் தராசு வேண்டாம் என்பது ஊர்ப் பேச்சு. ராக்கப்பனின் மீன் கதைகள் எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பும் அவளிடமிருந்துதான் வரும். "அரைக் கிலோ. தலை போக மூணு துண்டு" என்பாள், முறத்திலிருந்து கையை எடுக்காமல். இருபத்தாறு வருடத்தில் ஒரு மீனுக்குக்கூட அவள் புருசன் பக்கம் பேசியதில்லை.

மகள் ஜோதிகா கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. கிரைண்டர், மெத்தை, கேஸ் அடுப்பு, கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே புறப்பட்டார்கள். காப்போடு இருப்பவள் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் மகளின் அடுப்படி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தானே பார்க்காவிட்டால் சந்தனம்மாளுக்குத் தூக்கம் வராது. பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு.

பத்து மணிக்குள் சாமானை இறக்கியாகிவிட்டது. ஜோதிகா திராட்சையைப் பையில் கொட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். இரண்டு மணிக்கு வருவாளாம். அதுவரை என்ன செய்வது என்று ராக்கப்பன் யோசிப்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டார்.

"மெத்தைக்கு அடியில இருந்தத எடுத்துட்டு வாங்க. நானும் கடல் பாக்குறேன்" என்றாள் சந்தனம்மாள்.

கடலைப் பார்த்ததும் ராக்கப்பனுக்கு ஏமாற்றமாக இருந்தது. அலையே இல்லை. தண்ணீர் வடிந்துபோகிற வற்றம் நேரம். நம்ம ஊர் வயலில் நடவுக்குத் தண்ணீர் கட்டியது போல முழங்கால் ஆழத்துக்குத் தூரம் தூரமாகத் தண்ணீர் கிடந்தது. உள்ளே கடல்பாசி படர்ந்த மணல். கரையில் நின்ற உடைமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சந்தனம்மாள் புளிச்சோற்றுத் தூக்கோடு நிழலில் உட்கார்ந்தாள்.

தூண்டில் என்றால் ஜோதிகா ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த சின்னத் தூண்டில். விரல் பருமன்தான். நாலு கிலோ தாங்கும் என்று நைலான் நரம்புச் சுருளில் எழுதியிருந்தது. கெண்டைக்கு அது போதும். இரையும் கெண்டைக்குப் போடுகிற இரைதான், மைதா மாவில் சாம்பார் பொடி போட்டுப் பிசைந்த உருண்டை. கடல் மீன் சாம்பார் பொடி தின்னுமா என்று அவர் யோசிக்கவில்லை. ஓடைப்பட்டிக்காரர் கடலில் போய் வேறு எதைப் போடுவார்?

மாவு உப்புத் தண்ணீரில் கரைந்து கரைந்து போனது. எட்டாவது உருண்டையோ பத்தாவது உருண்டையோ, பொறுக்க முடியாமல் ஒரு குட்டி மடவை மீன் வந்து கொத்தியது. விரல் நீளம் இருந்தால் அதிகம். ராக்கப்பன் திரும்பிக் கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"புடிச்சிட்டேன்!"

"எத்தன கிலோ?" என்றாள் சந்தனம்மாள் நிழலிலிருந்து.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தக் குட்டி மடவையை வேறொன்று விழுங்கியது.

தண்ணீருக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். தூண்டில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் கத்தியது. கெண்டை பிடித்த காலத்தில் அந்த ரீல் ஒருநாளும் கத்தியதில்லை, அதற்குக் கத்தத் தெரியும் என்பதே ராக்கப்பனுக்குத் தெரியாது. நரம்பு கிழக்கே ஓடிக்கொண்டே இருந்தது. தூரத்தில், முழங்கால் தண்ணீரில், ஒரு வெள்ளி முதுகு புரண்டு மறுபடி மறைந்தது.

பயத்தில் இறுக்கிப் பிடித்திருந்தால் அந்தக் கணமே அறுந்திருக்கும். ஆனால் அவர் முப்பது வருடம் பந்தல் கம்பி இழுத்துக் கட்டியவர். காற்று அடிக்கும்போது கம்பியை விறைப்பாக விட்டால் கல்தூணே சாய்ந்துவிடும், கொஞ்சம் தொய்வு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ரீலின் திருகைத் தளர்த்தினார். ஓடுகிறாயா, ஓடு. நின்றால் இரண்டு சுற்றுச் சுற்றுவேன். அது இழுத்த பக்கமெல்லாம் தண்ணீரைச் சளப்சளப்பென்று மிதித்துக்கொண்டு கூடவே நடந்தார். தொடை வரைக்கும் போனார், முழங்காலுக்கு வந்தார், மறுபடி தொடைக்குப் போனார். மீன் ஒரு முறை முழு உடம்பையும் தண்ணீருக்கு மேலே தூக்கித் தலையை உதறியது. அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. கொடுவா. கம்பத்துச் சந்தையில் கேரளாக்காரர்கள் காளாஞ்சி என்று துண்டு போட்டு விற்பார்களே, அதே மீன். முழுசாக, உயிரோடு, அவருடைய தூண்டிலில்.

"ஆத்தா, அறுந்துரக் கூடாது. ஆத்தா, அறுந்துரக் கூடாது" என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம். சந்தனம்மாள் எப்போதோ எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "விட்டுப் புடிங்க, விட்டுப் புடிங்க" என்று அவளும் கத்தினாள். மீன் களைத்துக் கணுக்கால் தண்ணீருக்கு வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. நரம்பு மீனின் வாயோரத்தில் உரசி உரசிப் பஞ்சாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. இன்னும் நாலடி. ராக்கப்பன் குனிந்தார். மீன் கடைசியாக ஒரு முறை வாலை அடித்தது. உப்புத் தண்ணீரும் மணலும் நேராக அவர் வலது கண்ணுக்குள் போயின.

"ஐயோ! கண்ணு தெரியல, சந்தனம்! கண்ணு தெரியல!"

கையால் கண்ணைப் பொத்தினார். தூண்டில் தண்ணீரில் விழுந்தது. நரம்பு படீரென்று அறுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தார். அப்புறம் தண்ணீரில் யாரோ தொப்பென்று விழுகிற சத்தம்.

இடது கண்ணைத் திறந்து பார்த்தபோது சந்தனம்மாள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை முழுக்க நனைந்திருந்தது. இரண்டு கையாலும் கொடுவாவைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தலை அவள் தோளில், வால் அவள் முழங்காலுக்குக் கீழே.

"கண்ணக் கசக்காதீக! நல்ல தண்ணி வண்டியில இருக்கு, போயிக் கழுவுங்க!" என்று கத்தினாள். மீனை மட்டும் விடவில்லை.

அவர் வண்டிக்கு ஓடிக் கண்ணைக் கழுவினார். எரிந்தது, ஆனால் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் மீனைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். ராக்கப்பனுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு திராட்சைப் பெட்டியில் மீனைக் கிடத்தி, பெட்டியை வண்டியில் எப்போதும் கிடக்கும் தொங்கு தராசில் மாட்டினார். முழங்கை நீளத்துக்கு வால் வெளியே தொங்கியது. பெட்டி எடையைக் கழித்து ஒன்பது கிலோ இருநூறு கிராம். மூன்று தடவை எடை போட்டார். மூன்று தடவையும் ஒன்பது இருநூறு. அவர் அதில் ஒரு கிராமும் கூட்டவில்லை, கூட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஓடைப்பட்டி டீக்கடை பெஞ்சு அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அங்கே செல்லப்பாண்டி வாயைப் பிளந்து நின்றான்.

"ஏங்க" என்றாள் சந்தனம்மாள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் திரும்பினார். அவள் தன் வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் காப்பில் ஈரமாக நாலைந்து செதில் ஒட்டியிருந்தது.

"தொட்டுட்டேன். காப்போட தொட்டுட்டேன். ஒங்க கண்ணுக்குத்தான நேந்தது, அதுக்கு எதுவும் ஆயிருமாங்க?" அவள் அழுதுவிட்டாள். திருமணமாகி வந்ததிலிருந்து அவள் அழுது அவர் பார்த்தது இரண்டு தடவை. ஒன்று, அந்த இருபது நாள். இன்னொன்று, இது. "இத உசுரோட விட்டுருங்க. விட்டாலாவது ஆத்தா பொறுத்துக்குவா."

ராக்கப்பன் மீனைப் பார்த்தார். செவுள் மெல்ல மெல்லத் திறந்து மூடியது. ஒன்பது கிலோ இருநூறு. ஐம்பத்திரண்டு வருடம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் எதிரில் நின்றவள் அழுதுகொண்டிருந்தாள். பெட்டியோடு தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போனார். மடவையோடு தூண்டில் முள்ளும் வாயோரத்தில்தான் இருந்தது, பக்குவமாகக் கழற்றினார். மீனை இரண்டு கையிலும் தாங்கி, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துக்கொண்டே நின்றார். அதற்கு உயிர் வந்தது. "போத்தா" என்றார். வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிக்கொண்டு அது போனது. அவர் கரைப் பக்கம் திரும்பாமல் அங்கேயே நின்றார். கண்ணில் நீர் வடிந்தது. வலது கண் என்றால் வெயில் என்று சொல்லலாம், இரண்டு கண்ணிலும் வடிந்தது.

மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. ஊர் திரும்பும்போது மதுரை தாண்டியதும் சந்தனம்மாள்தான் பேச்சை எடுத்தாள். "வெளிய தெரிஞ்சா, காப்புக் கட்டிக்கிட்டுக் கவுச்சியத் தூக்குனவ பானை எடுக்கலாமான்னு கேப்பாக" என்றாள்.

"யாருக்குத் தெரியப் போகுது? நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சந்தனம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு? நீங்க?"

"பானை எடுக்க இன்னும் பதினோரு நாள் தான? செத்தாலும் தொறக்க மாட்டேன்."

"சாக வேணாம். மூடிக்கிட்டு இருந்தாப் போதும். அந்தப் படத்தையும் அழிச்சிருங்க."

அந்தப் படத்தில் அவள் கை தெளிவாகத் தெரிந்தது. காப்பும் தெரிந்தது. டிராகன் இருந்த படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியவர், நிஜமான படத்தை ஒருத்தருக்கும் காட்ட முடியாதவராக ஆனார்.

அந்தப் பதினோரு நாள் ராக்கப்பன் பட்டபாட்டை என்ன சொல்ல! நாலாம் நாள் விஜய்ராஜ் காசு வாங்காமல் டீ கொடுத்தார். ஐந்தாம் நாள் கடலில் எதையோ பார்த்துப் பயந்திருப்பார், மந்திரித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. ஆறாம் நாள் சின்னமனூரிலிருந்து செல்லப்பாண்டியே வந்துவிட்டான்.

"மச்சான், ஒடம்புக்கு எதுவும் செய்யுதா?"

"ஒண்ணும் இல்ல மாப்ள."

"அப்ப ஒரு மீன் கதை சொல்லுங்க. அரைக் கிலோன்னாலும் பரவால்ல, கேட்டுக்கிறேன்."

"மீனெல்லாம் எங்க இருக்கு."

செல்லப்பாண்டி பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தான். "நான் நேத்து அணையில நாலு கிலோ கட்லா புடிச்சேன் மச்சான். அப்பப்பா, என்னா இழுவை!"

ராக்கப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்கிற விதம்தான் அவரால் தாங்க முடியவில்லை. எந்த இடம், என்ன இரை, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எதுவும் கிடையாது. வெறும் இழுவையாம். இவனெல்லாம் மீன் பொய் சொல்ல வந்துவிட்டான்.

"நாலு கிலோவெல்லாம் ஒரு மீனா? ஒம்பது கிலோ…"

கடையே திரும்பியது. விஜய்ராஜ் அடுப்பைச் சிம்மில் வைத்தார்.

"என்ன மச்சான் ஒம்பது கிலோ?"

ராக்கப்பன் டீயை ஒரு வாய் குடித்தார். "யூரியா. பந்தலுக்கு வேணும். ஒம்பது கிலோ."

"யூரியா மூட்டையில்ல வரும்? ஒம்பது கிலோ எவன் வாங்குறான்?"

"நான் வாங்குறேன். ஒனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு எழுந்தார். செல்லப்பாண்டி நிஜமாகவே கவலைப்பட்டான். அக்காளிடம் போய், மச்சானை மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டான். சந்தனம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டே, "தன்னால சரியாகும்" என்றாள்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புருசன் டீக்கடைக்குப் போகும் நேரம் குறைந்தது. மத்தியானமானால் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது போனை மூக்கருகில் பிடித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி சாதம் போடும்போது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பதினோராம் நாள் வீரபாண்டியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். முல்லையாற்றில் குளித்து, ஈரச் சேலையோடு, உடம்பெல்லாம் துளையிட்ட பானையைத் தலையில் வைத்துச் சந்தனம்மாள் நடந்தாள். அவள் உதடு விடாமல் அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு விசிறியபடி கூடவே போன ராக்கப்பனுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பானையைச் செலுத்தினாள். காப்பைக் கழற்றினாள். வெளியே வந்து எல்லோரும் ஆற்றோரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். செல்லப்பாண்டி பொரியும் காராச்சேவும் வாங்கி வந்தான். ஓடைப்பட்டியிலிருந்து வந்திருந்த விஜய்ராஜும் இன்னும் நாலைந்து சொந்தக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

செல்லப்பாண்டியால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, நீயாச்சும் சொல்லு. இந்த மனுசன் கடல்ல என்னத்தப் பாத்தாரு? பதினோரு நாளா ஒரு பொய் சொல்லல. எங்களுக்குச் சோறு எறங்கலக்கா."

சந்தனம்மாள் புருசன் பக்கம் கையை நீட்டினாள். "போனக் குடுங்க."

"எதுக்கு? அதத்தான் அன்னைக்கே அழிச்சிட்டேனே."

"அழிச்சீக. மோட்டார் ரூம்ல தெனமும் எதப் பாத்து இளிச்சீகளாம்?"

ராக்கப்பன் போனைக் கொடுத்தார். அவள் தேடி எடுத்து, தம்பியிடம் நீட்டினாள். செல்லப்பாண்டி பார்த்தான். விஜய்ராஜ் தலையை நீட்டினார். மீன் படம் என்றதும் பழக்கதோஷத்தில், "கையப் பெருசாக்கு, கையப் பெருசாக்கு" என்றார். செல்லப்பாண்டி கையைப் பெரிதாக்கினான். டிராகன் இல்லை. நாலு கண்ணாடி வளையல், ஒரு தோசைக்கல் சுட்ட தழும்பு, மஞ்சள் காப்பு.

"இது அக்கா கையில்ல?" என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது. "காப்போடயா?"

வட்டத்தில் பொரி கொறிக்கிற சத்தம் நின்றது.

ராக்கப்பன் பதறிப்போய் நடுவில் விழுந்தார். "அவ தொடல! நாந்தான் அவ கையில திணிச்சுப் படம் எடுத்தேன். அவ வேணாம் வேணாம்னு…"

"பொய்" என்றாள் சந்தனம்மாள். "நானாத்தான் ஓடிப்போயித் தூக்குனேன். முக்கா மணி நேரம் இந்த மனுசன் கெண்டத் தூண்டில வச்சுக்கிட்டு அதக் கரைக்கு ஓட்டிட்டு வந்தாரு. கடைசியில கண்ணுல உப்புத்தண்ணி ஏறிக் கண்ணு தெரியலன்னு நின்னாரு. நரம்பும் அறுந்துபோச்சு. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீகளா? எல்லாத்தையும் பானையைத் தலையில வச்சுக்கிட்டே ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். ஆயிரம் கண்ணுக்காரி. நான் சொல்லித்தானா அவளுக்குத் தெரியணும்? பானை கனக்கவே இல்ல. அதுக்கு மேல யாருக்குக் கணக்குச் சொல்லணும்?"

யாரும் கேட்கவில்லை. வயதான சொந்தக்காரி ஒருத்தி மட்டும் படத்தை வாங்கிப் பார்த்து, "அடேயப்பா, இம்புட்டுப் பெருசா!" என்றாள். அதோடு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

செல்லப்பாண்டி கையை உயர்த்தி அடக்கினான். "இருங்கப்பா. அக்கா, எத்தன கிலோ?"

எல்லோரும் சந்தனம்மாளைப் பார்த்தார்கள். இதற்கு மேல் தராசு கிடையாது. ராக்கப்பனும் அவளைப் பார்த்தார். மீன் போன அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நின்றாரே, அதே முகம். அவள் ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு காப்பில்லாத வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"பன்னெண்டு" என்றாள்.

ராக்கப்பன் திடுக்கிட்டார். "ஏத்தா, ஒம்பது எரநூறுல்ல? பெட்டி எடையக் கழிச்சு மூணு தடவ…"

"நீங்க சும்மா இருங்க. பன்னெண்டு கிலோ. சொச்சம் இருக்கும்."

"அக்கா சொன்னாச் சரி" என்றான் செல்லப்பாண்டி. அப்போதே குரூப்பில் படத்தைப் போட்டு, 'பன்னிரண்டு கிலோ, அக்காவே சொன்னது' என்று எழுதினான். பிறகு மச்சானைக் கவலையோடு பார்த்தான். "மச்சானுக்கு இன்னும் முழுசா சொகமாகல. கொறைச்சுச் சொல்றாரு."

சந்தனம்மாள் பொரியைக் கையில் அள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்குவது ராக்கப்பனுக்கு மட்டும் தெரிந்தது.

ஊர் திரும்புகிற வழியெல்லாம், வண்டியில் ஏறியவர்கள் இறங்கியவர்கள் எல்லோரிடமும் ராக்கப்பன் ஒன்பது கிலோ இருநூறு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவரும் நம்பவில்லை.